பழைய லயத்துக்குப் போகும் வழி

எம்பிலிப்பிட்டியவிலிருந்து பெல்மதுளைக்கு ஏறும் ஏ18 வீதியில், உலர் வலயம் எங்கே முடிகிறது என்பதைப் பஸ் ஜன்னலோரம் இருந்தபடியே பார்த்துவிடலாம். கீழே வளவைச் சமவெளி. வாய்க்கால், வயல், வாழை, கண் கூசும் வெயில். பல்லேபெத்தவைத் தாண்டிக் கொடகவெலவை நெருங்கும்போது காற்றில் ஈரம் ஏறும். வீதியில் றப்பர் நிழல் விழும். மாதம்பையில் ஏ17 வீதி பிரிந்து இறக்குவானை, புலுத்தோட்டைக் கணவாய், சூரியகந்தை என்று வளைந்து வளைந்து தெனியாயவுக்குப் போகிறது. ஏ18 காவத்தைப் பக்கம் தொடர்கிறது. இந்த இரு வீதிகளிலிருந்தும் உள்ளே கிளைக்கும் கல் பாதைகளின் முடிவில் தோட்டங்கள் இருக்கின்றன. அங்கே பிறந்து இன்று கூடலூரிலோ கோத்தகிரியிலோ வவுனியாவிலோ கொழும்பிலோ வாழ்கிறவர்கள், பிறந்த லயத்தை, அதாவது தொழிலாளர் வரிசை வீட்டை, ஒருமுறை பார்க்க வேண்டும் என்று இந்த வழியே வருகிறார்கள்.

தஞ்சாவூர்ப் பக்கத்தில் பூர்வீக ஊருக்குப் போகிறவருக்கு அங்கே ஏதோ ஒன்று பாத்தியதையாக இருக்கும். இடிந்த வீடானாலும் பட்டாவில் பாட்டன் பெயர் இருக்கும், பங்காளிகள் இருப்பார்கள், குலதெய்வத்துக்கு வரி கொடுக்கும் முறை இருக்கும். தோட்டத்தில் பிறந்தவருக்கு இவற்றில் ஒன்றும் கிடையாது. காம்பரா என்று சொல்லும் லயத்து அறை தோட்டத்தின் சொத்து. வேலைக்குப் பேர் இருக்கும்வரை காம்பரா; பேர் வெட்டுப்பட்டால் காம்பராவும் போகும். நான்கு தலைமுறை ஒரே காம்பராவில் பிறந்து செத்திருந்தாலும் அந்தக் குடும்பத்துக்கு அந்த நிலத்தில் ஓர் அங்குலம் எழுதிக் கிடையாது. ஆகவே திரும்பி வருகிறவர் உரிமை கேட்டு வருவதில்லை. சட்டப்படி பார்த்தால் அவர் ஒரு கம்பனியின் காணிக்குள் நுழையும் அந்நியர். காவல்காரர் மறித்து விசாரித்தால் சொல்வதற்கு அவரிடம் தாய் தகப்பன் பெயரைத் தவிர வேறு ஆதாரம் இல்லை.

போனவர்கள் எல்லோரும் ஒரே காரணத்தால் போகவில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் தோட்ட மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், 9,75,000 பேர் என்று கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் ஒதுக்கியது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டன. மனிதர்களிடம் கேட்காமலே போடப்பட்ட கணக்கு அது. விண்ணப்பித்தவர்கள் தலைமன்னார்த் துறையில் கப்பலேறி, இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாம் வழியாகத் தமிழ்நாட்டின் பல மூலைகளுக்கும் அனுப்பப்பட்டார்கள். நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் அவர்களுக்காகவே தொடங்கப்பட்டன. கொழுந்து பறித்தவர் கடல் தாண்டிப் போயும் கொழுந்தே பறித்தார்.

இந்த வீதிகள் ஓடும் சப்ரகமுவை மாகாணத்தில் இன்னொரு காரணமும் சேர்ந்தது. நுவரெலியா மாவட்டத்தில் தோட்டங்கள் மலை மலையாகத் தொடர்ந்து கிடக்கின்றன. இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் அவை சிங்களக் கிராமங்களுக்கு நடுவே துண்டு துண்டாக இருக்கின்றன. 1972இன் காணிச் சீர்திருத்தச் சட்டம் தனியாருக்கு 50 ஏக்கர் என்று வரம்பு கட்டியது. 1975இன் திருத்தம் கம்பனித் தோட்டங்களையும் அரசின் கைக்குக் கொண்டுவந்தது. எடுக்கப்பட்ட நிலத்தில் ஒரு பகுதி அக்கம்பக்கத்துக் கிராமத்தவருக்குப் பிரிக்கப்பட்டது. அந்த நிலத்தில் உழைத்துக்கொண்டிருந்தவர் பெயர் பங்கீட்டில் வரவில்லை. 1973–74 உணவுப் பஞ்சம் தோட்டங்களில் உயிர்களைக் கொண்டுபோனது. பிறகு 1977 ஆகஸ்ட், 1981 ஆகஸ்ட், 1983 ஜூலை இன வன்செயல்கள். 1981இல் இரத்தினபுரி, காவத்தை, இறக்குவானை, பலாங்கொடைப் பக்கங்களில் லயங்கள் தாக்கப்பட்டன. உடுத்திய துணியோடு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போனவர்களைக் காந்தியம் போன்ற அமைப்புகள் காட்டு நிலங்களில் குடியேற்றின. அங்கே அவர்களுக்குக் காணி கிடைத்தது. கூடவே போரும் கிடைத்தது. போர் முடிந்த 2009க்குப் பிறகுதான் அவர்களில் பலர் பழைய தோட்டத்துப் பாதையில் கால் வைக்க முடிந்தது.

இப்படி இரு விதமாகப் போனவர்கள் திரும்பி வரும்போது நடந்துகொள்ளும் விதமும் வேறுதான். ஒப்பந்தத்தில் போனவர் வழியனுப்பி வைக்கப்பட்டவர். லயத்தில் விருந்து நடந்திருக்கும், கோயிலில் பூசை வைத்திருப்பார்கள், பெட்டி கட்டும்போது அக்கம்பக்கத்தார் அழுதிருப்பார்கள். அவர் தெரிந்தவர்களைத் தேடி வருகிறார். விரட்டப்பட்டவர் பாதையின் திருப்பத்திலேயே சற்று நின்று, எந்தப் பக்கத்திலிருந்து அன்று ஆட்கள் வந்தார்கள் என்று பிள்ளைகளுக்குக் கையால் காட்டிவிட்டுத்தான் மேலே நடக்கிறார்.

வழி கண்டுபிடிப்பதே முதல் சிக்கல். தோட்டத்துக்குப் பதிவேட்டில் ஒரு பெயர், பெரும்பாலும் ஆங்கிலமோ சிங்களமோ. மக்கள் வழங்கியது வேறு தமிழ்ப் பெயர். அதற்குள் மேல்கணக்கு, கீழ்க்கணக்கு என்று பிரிவுகள். பாட்டி சொல்லிச் சொல்லி மனப்பாடமான பெயரைத் தொலைபேசி வரைபடத்தில் தட்டினால் ஒன்றும் வராது. கைகொடுப்பது பழைய கடவுச்சீட்டும் பிறப்புச் சான்றிதழும்தான். தோட்டத்துப் பிறப்பு இறப்புகளை அறிவிக்கும் பொறுப்பு தோட்டத்தை நிர்வகித்த துரையிடம் இருந்ததால் சான்றிதழில் தோட்டத்தின் அலுவல் பெயர் ஏறியிருக்கும். பேரப்பிள்ளை அதை எடுத்துக்கொண்டு வந்து காவத்தையிலோ இறக்குவானையிலோ ஓட்டோக்காரரிடம் காட்டுகிறார்.

உள்ளே போனபின் எது அடையாளம் என்பது பயிரைப் பொறுத்தது. இதைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். விதைத் தேயிலைச் செடி நூறாண்டு தாண்டியும் கொழுந்து கொடுக்கும். நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்டினாலும் அடிமரம் அதேதான். ஐம்பது வருடம் கழித்து வந்தவர், அம்மா நின்ற நிரை இது என்று காட்டினால் அது வெறும் கற்பனையாக இருக்காது. அதே செடியாகவே இருக்கலாம். றப்பர் அப்படியில்லை. ஏறக்குறைய முப்பது வருடத்தில் பால் வற்ற, தோட்டத்தையே அடியோடு வெட்டிச் சாய்த்து மறுநடவு செய்வார்கள். றப்பர் மலையில் பிறந்து இளமையில் போனவர் முதுமையில் வந்தால் அவர் காலத்து மரம் ஒன்றுகூட நிற்காது. பால் வெட்டிய நிரையும் இருக்காது. சிரட்டை கட்டிய மரமும் இருக்காது. சரிவின் வளைவையும் பாறைகளையும் வைத்துத்தான் அவர் இடத்தைக் கணிக்க வேண்டும். சப்ரகமுவையில் றப்பர் தோட்டங்கள் ஏராளம் என்பதால் இந்த ஏமாற்றமும் இங்கே அதிகம். மலேசியாவில் இது இன்னும் கடுமையாக நடந்தது. றப்பர் எண்ணெய்ப் பனையாகி, பிறகு பல தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களாகி, தோட்டம் இருந்த இடத்தைச் சொல்ல ஒரு மாரியம்மன் கோயில் மட்டும் மிஞ்சியது. சில இடங்களில் அதுவும் மிஞ்சவில்லை.

கட்டடங்களில் ஸ்டோர் என்கிற தேயிலைத் தொழிற்சாலையும் துரையின் பங்களாவும் தூரத்திலேயே தெரியும். 1992இல் தோட்ட நிர்வாகம் தனியார் கம்பனிகளுக்குப் போன பிறகு பல ஸ்டோர்கள் மூடப்பட்டு, கொழுந்து வேறு தோட்டத்துக்கு லொறியில் போகிறது. ஜன்னல் கண்ணாடி உடைந்த ஸ்டோரின் முன்னால் வந்தவர்கள் படம் எடுத்துக்கொள்கிறார்கள். பங்களாவை அநேகர் வெளியிலிருந்து பார்ப்பதோடு சரி. அதன் வாசலில் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்து நின்ற ஞாபகம் அப்பன்மாருக்கு உண்டு. பிள்ளைகளுக்கு அந்தப் புல்வெளியில் காலை வைக்க ஆசையும் இல்லை. பிரட்டுக்களம் ஒரு வெறும் திடல். விடியலில் கொம்பு ஊதி, தப்பு அடித்து ஆள் கூட்டிய இடம். தெரியாதவர் கண்ணுக்கு அது வாகனம் திருப்பும் இடமாகத்தான் படும்.

லயம் அநேகமாக அப்படியே இருக்கும். ஒரே கூரையின்கீழ் பத்து அல்லது பன்னிரண்டு காம்பரா. முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டியது இரட்டை லயம். ஒரு காம்பரா ஏறக்குறைய 10க்கு 12 அடி. முன்னால் இஸ்தோப்பு என்கிற திண்ணை, அதற்கு முன்னால் கானு என்கிற வடிகால். கூரைத் தகரத்தில் கல் ஏற்றியிருக்கும். இஸ்தோப்பின் ஒரு மூலையில் மண்சுவர் எழுப்பி அடுப்படி ஆக்கியிருப்பார்கள். அந்தச் சுவரில் கைக்கெட்டும் உயரம்வரை சாணமோ சுண்ணாம்போ பூசிய தடம், அதற்குமேல் தலைமுறைகளின் கரி. திரும்பி வந்தவர் குனிந்து உள்ளே நுழைந்ததும் முதலில் சொல்வது அநேகமாக ஒன்றுதான்: இவ்வளவு சின்னதா? ஏழெட்டுப் பேர் இதற்குள் எப்படிப் படுத்தோம் என்று விரலால் இடம் பிரித்துக் காட்டுவார். அப்பா வாசலோரம், தாத்தா இஸ்தோப்பில், பிள்ளை பெற்றவள் திரைக்குப் பின்னால்.

இவற்றைவிட உறுதியாக மிஞ்சுவது யாருடைய சொத்துப் பட்டியலிலும் வராத இடங்கள். பீலியை எடுத்துக்கொள்ளலாம். மலை ஊற்றிலிருந்து மூங்கிலைப் பிளந்தோ தகரத்தை மடித்தோ வைத்துத் தண்ணீரைத் தலையளவு உயரத்தில் விழச் செய்வது பீலி. மூங்கில் போய் இப்போது பிளாஸ்டிக் குழாய் வந்திருக்கலாம்; தண்ணீர் விழும் இடத்துக் கல், துவைத்துத் துவைத்து நடுவில் குழிந்து, அதே கல்லாக இருக்கும். பெண்களுக்கு ஊர்ச் செய்தி முழுக்கப் பரிமாறப்பட்ட இடம் இது. தோட்டத்து வரலாற்றை எழுதுகிறவர்கள் பிரட்டுக்களத்தைப் பற்றி எழுதிய அளவுக்குப் பீலியைப் பற்றி எழுதவில்லை; எழுதியிருக்க வேண்டும்.

கோயிலும் அப்படித்தான். தோட்டத்துக் கோயில் பெரும்பாலும் மாரியம்மன். ஆரம்பத்தில் மரத்தடியில் ஒரு கல், பிறகு தகரக் கொட்டகை, பிறகு சம்பளத்தில் பிடித்த காசில் சீமெந்துக் கட்டடம். இந்தியாவுக்குப் போனவர்கள் அனுப்பிய பணத்தில் கோபுரம் வைத்த கோயில்களும் உண்டு. ரோதமுனி, முனியாண்டி போன்ற காவல் தெய்வங்களுக்குக் கட்டடம் இருக்காது. ஸ்டோர் சக்கரத்துக்குக் காவலான ரோதமுனி, ஸ்டோர் மூடிய பிறகும் அங்கேயேதான் இருக்கிறார். கோயிலுக்குச் சற்றுத் தள்ளிக் காமன் கூத்து ஆடிய பொட்டல். மாசி மாதத்தில் காமன் ஊன்றி, இரவுகளில் ரதியும் மதனும் லயம் லயமாக ஆடிவந்து, பௌர்ணமியை ஒட்டிக் காமனை எரித்த இடம். கூத்து நின்றுபோன தோட்டங்களிலும் அந்தப் பொட்டலை வயதானவர்கள் சுட்டிக்காட்டுவார்கள். ரதி வேசம் கட்டியவர் யார், மதன் யார் என்பது அதைவிட நன்றாக ஞாபகம் இருக்கும்.

இடுகாட்டில்தான் வந்தவர்கள் தோற்றுப் போகிறார்கள். பெரும்பாலான குழிகளுக்குக் கல் கிடையாது. மண் மேடு, தலைமாட்டில் ஒரு பூச்செடி. இரண்டு மாரி தாண்டினால் மேடு கரைந்துவிடும். தாத்தாவை எங்கே அடக்கினார்கள் என்று கேட்டால் இருக்கிறவர்கள் ஒரு திசையைத்தான் காட்ட முடியும். அந்தத் திசையில் சூடம் கொளுத்திக் கும்பிட்டுவிட்டு வருவதே வழக்கமாகிவிட்டது. 

மொத்தத்தில், இடத்தை இடமாக்குகிறவர்கள் அங்கே தங்கிவிட்டவர்கள். லயத்து முன்னால் ஒரு வாகனம் நின்றதும் இஸ்தோப்பில் இருக்கும் கிழவி கேட்கும் கேள்வி, "யாரு வீட்டுப் புள்ளைங்க நீங்க?" பெயர் சொன்னால் போதாது, பெருமாள்கள் பத்துப் பேர் இருந்திருப்பார்கள். எந்தக் கங்காணி பிரட்டு, எத்தனையாம் நம்பர் லயம், என்ன பட்டப்பெயர் என்று சொல்லவேண்டும். பட்டப்பெயர் சொன்ன கணத்தில் கதவு திறந்துவிடும். "அடியாத்தே, நம்ம நெட்டையன் பேரனா?" என்று கன்னத்தை வழித்து நெட்டி முறித்து, தேத்தண்ணி ஊற்ற எழும்பிவிடுவாள். சாப்பிடாமல் போக விடமாட்டார்கள். ரொட்டியும் சம்பலும், அவசரத்துக்கு ஒரு முட்டை. போகும்போது கையில் தேயிலைத்தூள் பொட்டலம். கூடலூரிலிருந்து வந்தவருக்கே தேயிலைத்தூள் கொடுத்து அனுப்புவதில் உள்ள வேடிக்கை இரு தரப்புக்கும் தெரியும். ஆனாலும் கொடுப்பார்கள், வாங்கிக்கொள்வார்கள்.

ஊர் என்று இவர்கள் சொல்வது ஒரு தலைமுறைக்குள் திசை மாறிவிட்டதும் இங்கே கவனிக்கத்தக்கது. கோப்பிக் காலத்தில் வந்தவர்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் ஊர் என்றால் திருச்சி, சேலம், புதுக்கோட்டை, இராமநாதபுரப் பக்கத்துக் கிராமங்கள். தோட்டம் பிழைக்க வந்த சீமை. 1964க்குப் பிறகு அந்த ஊர்களுக்கே அனுப்பப்பட்டபோது அங்கே அவர்களுக்குச் சிலோன்காரர்கள் என்று பெயர் விழுந்தது. உறவு சொல்லிக்கொண்டு போன வீடுகளில் சில வாசலோடு சரி. அதன்பிறகு ஊர் என்று கனவில் வந்தது இறக்குவானை மலை. 2023இல், மலையகத் தமிழர் வருகையின் 200ஆவது ஆண்டை ஒட்டி, தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு ஒரு நெடுநடைப் பயணம் நடந்தது. கோப்பித் தோட்டங்களை நோக்கி முன்னோர் காட்டு வழியே நடந்த தடத்தைத் திரும்ப நடப்பது அதன் நோக்கம். தனி மனிதர் லயம் தேடி வருவதன் கூட்டு வடிவம் என்று அதைச் சொல்லலாம்.

வழியில் மறைந்துபோனவற்றையும் சொல்லவேண்டும். களனிவெளிக் குறும்பாதை 1912இல் இரத்தினபுரிக்கும் 1919இல் ஓப்பநாயக்கவுக்கும் வந்து சேர்ந்தது. அவிசாவளைக்கு அப்பால் அது 1970களில் மூடப்பட்டது. ரயிலேறிக் கொழும்பு பார்த்த தலைமுறைக்கு அது பெரிய அடையாளம். இன்று சில மதகுகளும் ரயில் பாதை வீதியான தடங்களும்தான் மிச்சம். பள்ளத்தாக்குகளில் மாணிக்கக் குழிகள் ஓடைகளையே இடம் மாற்றியிருக்கின்றன. கீழே எம்பிலிப்பிட்டியப் பக்கம் 1960களின் உடவளவைத் திட்டம் வளவை கங்கையை மறித்து ஒரு பெரும் நிலப்பரப்பை நீருக்கடியில் கொண்டுபோனது. 1972இல் நீர்த்தேக்கத்தைச் சுற்றிய காடு தேசியப் பூங்காவாயிற்று. குடியேற்றத் திட்டத்தோடு பெருத்த நகரம் எம்பிலிப்பிட்டிய. அங்குள்ள சிங்களக் குடும்பங்கள் பலவற்றுக்கும் பிறந்த மண் வேறெங்கோதான். சூரியகந்தையில் 1994இல் ஒரு மனிதப் புதைகுழி தோண்டப்பட்டது. 1989–90இல் எம்பிலிப்பிட்டியவில் கடத்தப்பட்டுக் காணாமற்போன பள்ளி மாணவர்களின் பெற்றோர் அந்த மலையைப் பார்க்கும் பார்வை வேறு. திரும்பிப் பார்க்கவேண்டிய இடம் இந்த வீதியில் தமிழருக்கு மட்டும் இருக்கிறது என்று எண்ணுவது தவறு.

வந்தவருக்கும் இருப்பவருக்கும் ஒரு விஷயத்தில் ஒத்துவராது. லயம் அப்படியே இருக்கிறதே என்று வந்தவர் உருகுகிறார். இருப்பவருக்கு அது அப்படியே இருப்பதுதான் குறை. மழைக்கு ஒழுகும் தகரமும் பொதுக் கக்கூசும் மண்சரிவு எச்சரிக்கை வந்தால் பள்ளிக்கூடத்துக்கு ஓடும் இரவுகளும் அவருடையவை. இதில் இருப்பவர் பக்கம்தான் நியாயம். நினைவுக்காக லயத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று சொல்கிறவர் முதலில் ஒரு மாரிகாலம் அதில் குடியிருந்து பார்க்கலாம். நினைவுக்கு ஒரு லயம் போதும். கம்பளைக்கு அருகே பழைய லயம் ஒன்றை அருங்காட்சியகமாக்கி வைத்திருப்பதுபோல இரத்தினபுரியிலும் ஒன்றை வைக்கலாம். மற்றவை போகட்டும்.

ஆனால் அவை போகும் வேகம் குறைவு. இந்திய அரசின் உதவியில் தோட்டங்களுக்கென முதலில் ஒதுக்கப்பட்ட 4,000 வீடுகள் மத்திய, ஊவா மாகாணங்களுக்குரியவை. 2017இல் மேலும் 10,000 வீடுகள் அறிவிக்கப்பட்டன. சிதறிக் கிடக்கும் சப்ரகமுவைத் தமிழருக்கு வாக்குப் பலம் சிறிது. வரிசையில் அவர்கள் முறை பிந்தித்தான் வரும். 2024 பொதுத் தேர்தலில் இரத்தினபுரி மாவட்டத்திலிருந்து மலையகத் தமிழரான சுந்தரலிங்கம் பிரதீப் பாராளுமன்றம் போனது அந்த வரிசையை எவ்வளவு நகர்த்தும் என்று தோட்டங்களில் பேசிக்கொள்கிறார்கள். கேட்பது ஒரு துண்டுக் காணி, தனி வீடு, பெயரில் ஓர் உறுதி. புதிய வீடுகள் வந்த தோட்டங்களில் பழைய லயத்துத் தகரம் விறகுக் கொட்டிலுக்குக் கூரையாகிறது, கதவுப் பலகை கோழிக்கூட்டுக்குப் போகிறது. அப்படி வந்த குடியிருப்புகள் சிலவற்றில் வீட்டுக்கு இலக்கமும் பாதைக்குப் பெயரும் இருக்கின்றன. தோட்ட அலுவலகத்தில் தேங்கிக் கிடந்த கடிதம் வாசலுக்கே வருகிறது.